ஆறு சுற்று நூல்

சாலமோன் 1963 நவம்பரில் ராயபுரத்தில் பிறந்தவர். பதினாறு வயதில் சம்மட்டி பிடித்தார். இப்போது திருவொற்றியூர் நெடுஞ்சாலையை விட்டுப் பிரியும் ஒரு சந்தில் சொந்தப் பட்டறை வைத்திருக்கிறார். துறைமுகத்தில் பாரம் தூக்கும் கொக்கி, சங்கிலிகளை இணைக்கும் ஷேக்கிள், படகுகளுக்கு நங்கூரம், இவைதாம் வேலை. அவர் செய்தவற்றைச் சங்கிலியில் மாட்டி இழுத்து, எத்தனை கிலோ தாங்கின என்று எழுதி வைப்பது 2004 ஜூனிலிருந்து என் பொறுப்பு. 2022 கடைசி வரை 1,146 உருப்படிகள். சொன்ன பாரத்துக்குக் கீழே ஒன்றுகூட உடைந்ததில்லை. இந்த எண் அவருக்கு மனப்பாடம். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வருகிறவர்கள் கேக் தின்று முடிப்பதற்குள் சொல்லிவிடுவார்.

2021-இல் பெரியமேட்டில் தோல் சாமான் ஏற்றுமதி செய்யும் ஒருவர் அவரைத் தேடி வந்தார். டிராக்டர் வேண்டாமென்று குதிரை கட்டி உழுகிற குடியானவர்கள் குளிர் நாடுகளில் இன்னும் இருக்கிறார்களாம். தோல் வேலை அவருடையது. இரும்பு வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது. மாட்டைப்போல் குதிரைக்கு நுகத்தடி வைப்பதில்லை. கழுத்தில் பஞ்சு வைத்த பட்டை மாட்டுகிறார்கள்; குதிரை அதைத் தோளால் முட்டித் தள்ளிக்கொண்டு நடக்கிறது. பட்டையிலிருந்து இரண்டு சங்கிலிகள் பின்னால் வந்து ஒரு குறுக்குக் கட்டையில் சேரும். அந்தக் கட்டையையும் கலப்பையையும் இணைப்பது ஒரே ஒரு வளையம். அந்த வளையத்தைத்தான் சாலமோன் செய்தார். 1,800 கிலோ தாங்கும்.

2023 பிப்ரவரி 14, செவ்வாய்க்கிழமை, பெரியமேட்டுக்காரர் ஒரு புகைப்படம் அனுப்பினார். ஒரு பெண் குதிரையின் இடது தோள். உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்திருந்தது. மண்ணுக்குள் இருந்த பாறையில் கலப்பை இடித்து நின்றிருக்கிறது. வளையம் அசையவில்லை. சங்கிலி அசையவில்லை. அடி முழுவதையும் குதிரை வாங்கியிருக்கிறது. குதிரைக்குச் சொந்தக்காரரான விவசாயி குறை சொல்லவில்லை. ஏதாவது செய்ய முடியுமா என்று மட்டும் கேட்டிருந்தார்.

சாலமோன் படத்தை விரலால் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தார். அனுப்பத் தயாராயிருந்த நாற்பது வளையங்களின் பெட்டியை மூடி ஆணி அடித்தார்.

"வாயில்லா ஜீவன், நைனா. இதுக்கு வழி தெரியாம இந்தப் பட்டறைலேர்ந்து இன்னொரு வளையம் போவாது" என்றார் என்னிடம்.

உடையாத சாமான் செய்தே பழகியவர் அன்றிலிருந்து உடைகிற சாமான் செய்யப் பார்த்தார். வளையத்தை மூட ஆணிபோல ஓர் இரும்புப் பின் வைத்து, அதை அரத்தால் மெலிய வைத்தார். ஒரே அளவில் ராவிய மூன்று பின்கள் 310, 455, 282 கிலோவில் உடைந்தன. காய்ச்சிப் பார்த்தார், ஆறவைத்துப் பார்த்தார். இருபத்தாறு பின்கள். எந்த இரண்டும் ஒத்துப்போகவில்லை.

அவர் மனைவி ரோசி காசிமேட்டில் வலை பழுதுபார்க்கிறவர். மார்ச் 3 மதியம் சாப்பாடு கொண்டுவந்தவர், தரையில் கிடந்த துண்டுகளைப் பார்த்தார்.

"இன்னாய்யா, சுண்டல் விக்கப் போறியா?"

"ஒடையணும், ஆனா ஒரே மாதிரி ஒடையணும். அதான் பேஜாரு."

"நங்கூரம் செய்றவன்தானே நீ? பாறை இருக்கற எடத்துல அத்த எப்டி கட்டறாங்கன்னு பாத்ததே இல்லியா?"

பார்த்திருக்கிறார், நானும் பார்த்திருக்கிறேன். கயிற்றை நங்கூரத்தின் அடியில் முடிந்து, தலைப்பக்கம் மெல்லிய நூலால் மட்டும் கட்டுவார்கள். பாறையில் மாட்டிக்கொண்டால் வெடுக்கென்று இழுப்பார்கள். நூல் அறும், நங்கூரம் தலைகீழாகப் புரண்டு வந்துவிடும்.

"இரும்புப் பட்டறைல நூலு கட்டச் சொல்றா, கேட்டியா நைனா?" என்று சாலமோன் என்னைப் பார்த்துச் சிரித்தார். சாப்பிட்டுக் கை கழுவியதும் ரோசியிடம் நூல்கண்டு கேட்டார்.

புது வளையம் நண்டுக்கொடுக்கைப்போல் வாய் திறக்கும். வாயை மூடி நைலான் வலைநூலால் சுற்றிக் கட்டவேண்டும். ஆறு சுற்று 205, 209, 207 கிலோவில் அறுந்தது. எட்டுச் சுற்றுக்கு 274, 278, 277. வாளித் தண்ணீரில் ஊறப்போட்டும் இழுத்தேன். ஆறு சுற்று 184-க்கு இறங்கியது. அதையும் குறித்துக்கொண்டேன். ஒரு சுற்றைக் கூட்டினாலோ குறைத்தாலோ எந்தக் குதிரைக்கும் பொருந்தும்.

"சங்கிலி சொல்றது செரி, நைனா. குதிரை இன்னா சொல்லும்?" என்றார் சாலமோன்.

குதிரைக்கு வியாசர்பாடி அஜீசுன்னிசாவிடம் போனோம். கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை விடுகிறவர். அவரிடம் இருந்தது ஒரே குதிரை, பெயர் பிஜிலி. மின்னல் என்று அர்த்தமாம். நடை அப்படி இல்லை.

"ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை அழைப்பு கீது. இதும்மேல ஒரு முடி ஒதிர்ந்தாலும், அண்ணே, உங்களத்தான் முதுவுல மாப்பிள்ளய ஏத்திக்கினு ஊர்வலம் போவச் சொல்வேன்" என்றார் அஜீசுன்னிசா.

மார்ச் 16 வியாழன், காலை 7.10. சடையங்குப்பத்தில் வெள்ளம் வடிந்து காய்ந்த பொட்டல். மீஞ்சூருக்கு அப்பாலிருந்து இரவல் வாங்கிய இரும்புக் கலப்பை. பாறைக்குப் பதிலாக இருபது அடி தள்ளி ஒரு சிமென்ட் கட்டையை மண்ணுக்குள் புதைத்திருந்தோம். பிஜிலி சிறிய குதிரை என்பதால் ஆறு சுற்று என்று முடிவு. சாலமோனே கட்டினார்.

சங்கிலி இழுபட்டதும் பிஜிலி முன்னங்காலைத் தூக்கித் தூக்கி ஆடத் தொடங்கியது. பின்னால் எது இழுத்தாலும் ஊர்வலம் என்றே நினைத்ததுபோல. அஜீசுன்னிசா கடிவாளத்தைப் பிடித்து, "ஏ கழுத, பேண்டு இன்னும் வரல, நட!" என்று அதட்டிய பிறகுதான் நடந்தது. கோணல்மாணலாக எட்டடி உழுதது. நூல் அறுந்தது. சிமென்ட் கட்டை இன்னும் பன்னிரண்டடி தள்ளி இருந்தது.

எங்களோடு வந்திருந்த ரோசி குனிந்து அறுந்த நூலைப் பொறுக்கி எண்ணினார்.

"எட்டு முனை. நாலு சுத்துதான். யோவ், ஆறுன்னுதானே பேச்சு?"

சாலமோன் பிஜிலியின் கழுத்துப் பட்டையைச் சரிசெய்தார்.

"பயந்துக்கினியா?"

"அது தோளப் பாத்தேன். கை தானா நின்னுடுச்சி."

"உன்னை யாரும் நம்பச் சொல்லல. நைனா எழுதனத நம்பு" என்று சொல்லிவிட்டு ரோசியே கட்டினார். ஒவ்வொரு சுற்றையும் வாய்விட்டு எண்ணினார். ஆறு.

சாலமோன் குதிரையின் இடது தோள் பக்கம் போய் நின்றுகொண்டார். அங்கே நின்று அவரால் செய்யக்கூடியது எதுவும் இல்லை, இருந்தாலும் நகரவில்லை. கலப்பையைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து மறுபடி தொடங்கினோம். பிஜிலி இம்முறை ஆடவில்லை. பத்தடி, பதினைந்தடி உழுதது. இருபதாவது அடியில் கலப்பை சிமென்ட் கட்டையில் இடித்தது. டப்பென்று ஒரு சத்தம். வளையத்தின் வாய் திறந்தது. கலப்பை அங்கேயே நின்றது. பிஜிலி குறுக்குக் கட்டையை மட்டும் இழுத்துக்கொண்டு நாலு எட்டு நடந்து, புல்லில் வாய் வைத்தது. மணி 7.52.

அஜீசுன்னிசா பட்டையைக் கழற்றித் தோளைத் தடவிப் பார்த்தார். பிறகு சாலமோன் தடவிப் பார்த்தார். இரண்டு தோளையும்.

"இன்னொரு தபா பாத்துக்கலாமா?" என்றார்.

"ஆசை! வூட்டுக்குப் போய் உங்க சங்கிலிய இழுத்துக்கினு இருங்கண்ணே" என்று அஜீசுன்னிசா குதிரையைக் கூட்டிக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமை பிஜிலி நன்றாகவே ஆடியதாகக் கேள்வி.

பெட்டியிலிருந்த நாற்பது வளையங்களையும் அறுத்து வாய் வைக்க ஏப்ரல் 20 வரை ஆயிற்று. ஒவ்வொன்றோடும் ரோசி ஒரு நூல்கண்டு வைத்தார். எந்த எடைக் குதிரைக்கு எத்தனை சுற்று, நனைந்தால் எவ்வளவு என்று நான் எழுதிய தாளைப் பெரியமேட்டுக்காரர் மொழிபெயர்த்து அச்சடித்தார்.

அக்டோபர் 9 அன்று அந்த விவசாயியின் கடிதம் வந்தது. கல் நிறைந்த ஒரு வயலில் நூல் பதினொரு முறை அறுந்ததாம். பதினொரு முறையும் நின்று கட்டியதில் உழவு அரை நாள் தாமதம். கொஞ்சம் சலிப்போடுதான் எழுதியிருந்தார்.

நான் படித்து முடித்ததும் சாலமோன் சம்மட்டியைக் கீழே வைத்தார்.

"பதினோரு தபாவா?"

"பதினொன்று."

"குதிரை பதினோரு தபா தப்பிச்சிக்கிச்சி" என்றார். பட்டறை வாசலுக்குப் போய், சந்தில் போய்க்கொண்டிருந்த டீக்காரரைக் கூப்பிட்டு எல்லோருக்கும் டீ சொன்னார்.