பாறை தட்டும் வரை

வீட்டு வாசலில் ஒரு கிணறு வேண்டும் என்பதைத் தவிர என் அம்மாவுக்குப் பெரிய ஆசை எதுவும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. மணமேல்குடிக்குப் பக்கத்தில், அப்பா வாத்தியாராக இருந்த பள்ளிக்கூடத்தை ஒட்டி எங்கள் வீடு. நல்ல தண்ணீருக்கு மீனவர் தெருவைத் தாண்டி, மணல்மேட்டில் இருந்த ஊர்க் கிணற்றுக்குப் போகவேண்டும். காலையில் இரண்டு நடை, சாயங்காலம் இரண்டு நடை. குடம் உட்கார்ந்து உட்கார்ந்து அம்மாவின் இடுப்பில் ஓர் இடம் காய்த்துப்போயிருந்தது.

எனக்கு ஒன்பது வயதாகும்போது அம்மாவின் அண்ணன் ஆவூரிலிருந்து வந்து இறங்கினார். அம்மாவைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து பிறந்த வீட்டு ஆள் ஒருவர்கூட எங்கள் வாசலை மிதித்ததில்லை; மாமாதான் முதல். வந்த காரியமும் கிணறு வெட்டத்தான். அந்தப் பக்கத்தில் மாமா பேர்போன கிணறு வெட்டுக்காரர். அங்கே கொஞ்சம் தோண்டினாலே பாறை. அதில் குழி போட்டு, மருந்து கெட்டித்து, வெடி வைத்து உடைத்து, இடுக்கில் கசியும் ஊற்றைப் பிடிப்பார்கள். பாறை தட்டியதும் வேலையை நிறுத்தி, அதில் உளியால் ஒரு சிலுவை கொத்தி, செபம் சொல்லி, எல்லாருக்கும் வெல்லம் கொடுப்பது மாமாவின் வழக்கம். அதுவரைக்கும் அவர் கணக்கில் அது கிணறு இல்லை, பள்ளம்.

எங்கள் மணலில் மாமாவின் சம்மட்டிக்கும் உளிக்கும் வேலையே இல்லாமல் போயிற்று. கரை சரியத் தொடங்கியதும், சுட்ட மண் உறைகளை இறக்கச் சொன்னார்கள் ஊர்க்காரர்கள். சோற்றுப்பானையை அடுக்கி எவனாவது கிணறு கட்டுவானா என்று இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் நாள் மாமா உறை இறக்கினார். பன்னிரண்டு அடியில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மா ஒரு செம்பில் மொண்டு குடித்துவிட்டு எனக்கும் கொடுத்தாள். அப்படி இனித்தது. அம்மா வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

வாசலில் கூடையை இறக்கியிருந்த மீன்காரம்மா எட்டிப் பார்த்தார். “தம்பி, இத்தோட நிறுத்திக்கங்க. கீழ களிமண்ணு கெடக்கு. அதக் கிழிச்சா உப்புத்தான் ஏறும்” என்றார்.

மாமாவுக்குச் சுருக்கென்றது. “இது மழைத் தண்ணிங்க. சித்திரையில நாக்கு நனைக்கக்கூட இருக்காது. பாறையத் தட்டாம, எந் தங்கச்சிக்கு வெறும் பள்ளத்தக் குடுத்துட்டுப் போகவா?” என்று சொல்லி அம்மாவைப் பார்த்தார். அம்மா உலை வைக்கப் போய்விட்டாள்.

வேலை தொடர்ந்தது. ஆட்கள் ஒரு பக்கம் இறைக்க, ஒரு பக்கம் மாமா தோண்டினார். அம்மா ஒருநாள் நண்டு, ஒருநாள் கணவாய் என்று சமைத்துப் போட்டாள். கணவாயை முதல் தடவை பார்த்தபோது மாமா இலையைத் தள்ளி வைத்தார். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மத்தியானம் முழுக்க அவரும் அம்மாவும் ஆவூர்த் தேர், செத்துப்போனவர்கள், யார் மாடு எத்தனை கன்று போட்டது என்று பேசித் தீர்த்தார்கள். எனக்கு அலுப்பாக இருந்தது.

கறுப்புக் களி வந்தது. அதற்குள்ளிருந்து, எங்கள் கடற்கரையில் நான் பார்த்தேயிராத பெரிய பெரிய சிப்பிகள் வந்தன. இருபத்திரண்டு அடியில் மாமா ஊறிய தண்ணீரில் விரலை நனைத்து நக்கிப் பார்த்தார். “பாறை பக்கத்துல வந்துருச்சு” என்று சொல்லிவிட்டு மறுபடி இறங்கினார். இருபத்தெட்டு அடியில் உப்புக் கரித்து, தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. எங்கள் துண்டு நிலத்தில் தள்ளி வெட்டவும் இடமில்லை.

அந்த வாரம்தான் ஜீப்பில் சர்வே ஆட்கள் வந்தார்கள். நிலத்தில் ஓட்டை போட்டு வெடி வைத்து, அதிர்வு எதில் மோதித் திரும்புகிறது என்று மெஷினில் பார்த்து, அடியில் எண்ணெய் இருக்குமா என்று கண்டுபிடிப்பார்களாம். இத்தனை வெடி வைத்தும் ஒரு கல்லைக்கூட உடைக்கவில்லையே என்று மாமா அவர்களுக்காக வருத்தப்பட்டார். அவர்களில் ஓர் அதிகாரி எங்கள் மண்குவியலைப் பார்த்து, முட்டி போட்டு உட்கார்ந்து சிப்பி பொறுக்க ஆரம்பித்தார். மாமா அவரைப் பிடித்துக்கொண்டார்.

“சார், இங்கிட்டுப் பாறை எத்தன அடியிலங்க இருக்கு?”

“பாறை இருக்குங்க. உங்க ஊர்ல வெளியிலயே தெரியுதே, அதேதான். கிழக்க வரவரப் படிப்படியா எறங்கிருச்சு. இங்க ஒரு மைலுக்கும் கீழ இருக்கும். மேல உள்ளதெல்லாம் ஆறும் கடலும் கொண்டாந்து போட்ட மண்ணு” என்றார் அதிகாரி.

அதோடு விடவில்லை. கரையோடு நிலம் முடிந்துவிடுவதாக நினைப்பது தப்பு என்றார். அந்தப் பாறை கடலுக்கடியிலும் போய், இலங்கையில் மறுபடி தலைகாட்டி, அதற்கும் அப்பால்தான் முடிகிறதாம். அங்கேதான் கடலுக்கே சொந்தமான வேறொரு கறுப்புப் பாறை தொடங்குகிறதாம். நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். மாமா காதில் விழுந்தது முதல் இரண்டு வார்த்தை மட்டும்தான்.

“பாறை இருக்குன்னு சொல்லிட்டாருல்ல? நான் சொன்னேன்ல தங்கச்சி!” என்றார்.

மறுநாள் சம்மட்டியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு, ஜெயித்த மனிதரைப் போலவே பஸ் ஏறினார். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

பஸ் கிளம்பியதும் அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு மணல்மேட்டுக்கு நடந்தாள். நானும் கூடவே போனேன். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

“பன்னண்டு அடியிலயே போதும்னு நீ ஏம்மா சொல்லல? மீன்காரம்மா சொன்னது ஒன் காதுலயும் விழுந்துச்சுல்ல?”

“சொல்லியிருந்தா அண்ணன் மறுநாளே பஸ் ஏறியிருப்பாகளே” என்றாள் அம்மா.

நான் நடந்துகொண்டே யோசித்துப் பார்த்தேன். மாமா மறுநாளே போயிருந்தால் நல்ல தண்ணீர் வாசலிலேயே இருந்திருக்கும், காலம் பூராவும் இந்த நடை இருந்திருக்காது. அவர் எங்கள் வீட்டில் இருந்ததோ மொத்தமே மூன்று வாரம். இந்தச் சின்னக் கணக்குக்கூட அம்மாவுக்கு வரவில்லையே என்று வாத்தியார் மகளான எனக்கு வெட்கமாக இருந்தது.