கருநீலத் தட்டு

முதியோர் இல்லத்தில் அவளை எல்லோரும் "ஜவுளிக்கடை" என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருஷம் ஜவுளிக்கடையில் கால்கடுக்க நின்றவள். ஐம்பது துணியைப் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு போகிறவர்களிடமும் முகம் சுளித்ததில்லை. கடையை மூடிவிட்டதால், நாற்பத்திரண்டு வயதில் இங்கே பராமரிப்பு வேலைக்கு வந்தாள்.

முதல் மாடியில் ஒரு டைப்பிஸ்ட் அம்மா இருந்தார். எண்பத்தாறு வயது, பேச்சு ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. தட்டை வைத்தால் வெறித்துப் பார்ப்பார்; ஊட்டப் போனால் கையைத் தட்டிவிடுவார். குறிப்பேட்டில் 'அடம்' என்று எழுதி வைத்தார்கள். உடம்பு துரும்பாக இளைத்தது. மூக்கில் குழாய் போட்டுவிடலாம் என்றார் டாக்டர். மகனும் அரைமனதாகத் தலையாட்டினார்.

ஜவுளிக்கடைக்கு மனசு ஆறவில்லை. மதியம் கட்டிலோரம் உட்கார்ந்து கவனித்தாள். டைப்பிஸ்ட் அம்மாவின் விரல்கள் தட்டின் விளிம்பைத் தடவின, சோற்றைத் தொடவில்லை. ஓரத்தில் கிடந்த கேரட் துண்டை மட்டும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு. கடையில் வெளிர்நிறத் துணியை வெள்ளை விரிப்பில் போட்டுக் காட்டமாட்டார்கள், எடுபடாது.

கீழே ஓடிப்போய்ச் சமையல்காரரிடம் கெஞ்சி, அவருடைய சொந்தக் கருநீலத் தட்டை வாங்கி வந்தாள். அதில் சோற்றை வைத்ததும் டைப்பிஸ்ட் அம்மா குனிந்து பார்த்தார். பிறகு தன் கையாலேயே சாப்பிட ஆரம்பித்தார். பாதித் தட்டு காலியாகும்வரை ஜவுளிக்கடை அசையவில்லை.

மறுநாள் அவள் சொன்னதைக் கேட்டு டாக்டர் அந்த அம்மாவின் கண்ணைச் சோதித்தார். இரண்டிலும் புரை முற்றியிருந்தது. கண்ணுக்குத் தெரியாத கரண்டி திடீரென்று உதட்டில் இடித்தால் யார்தான் தட்டிவிடமாட்டார்கள்? குழாய்ப் பேச்சு அத்தோடு நின்றது.

"நாங்க இத்தனை பேர் பார்த்தோம். எங்களுக்குத் தோணலையேம்மா," என்றார் டாக்டர், எல்லோர் முன்னாலும்.

மகன் அவளைப் பார்த்துக் கைகூப்பினார்.

அடுத்த வாரம் புதிதாகச் சேர்ந்த எட்டுப் பேருக்குப் பாடம் சொல்ல அவளையே நிறுத்தினார்கள். குரல் பிசகாமல் சொன்னாள்.

"சாப்பிடலைன்னா உடனே அடம்னு எழுதிடாதீங்க. பக்கத்துல உக்காந்து, அவங்களுக்கு என்ன தெரியுதுன்னு பாருங்க."

எட்டுப் பேரும் அதை எழுதிக்கொண்டார்கள்.

அன்று வீட்டில் இந்தக் கதையை மூன்று தடவை சொன்னாள். நான்காவது தடவை, வந்திருந்த அவள் தம்பியிடம் கணவனே சொன்னான், ஒரு தடவை சொல்லி மறு தடவை அவள் விட்டுவிட்டதையும் சேர்த்து.