கப்பல்துறையில் இறக்கிய தையல் மெசின்

உலக யுத்தத்தின்போது எங்கள் ஊர்த் துறைமுகத்தில் குண்டு விழுந்த அன்று காலை, எங்கள் மருந்து வான் வண்டியைக் கந்தளாய்க்குக் கொண்டுபோகச் சொல்லிக் கட்டளை வந்தது. நான் அந்த வானில் தாதி. உள்ளே இரண்டு கட்டில், மண்ணெண்ணெய் அடுப்பு, மருந்து அலுமாரி, வலப்பக்கச் சுவரோடு ஒரு தண்ணீர்த் தாங்கி. மலேரியாக் காய்ச்சல் உள்ள ஊர்களுக்குப் போனால் நாள்கணக்கில் அதிலேயே சமையல், அதிலேயே சீவியம். இரவில் நான் உள்ளே படுப்பேன். மருந்துக்குப் பொறுப்பான அப்போதிக்கரி ஐயாவும் சாரதி கணபதி அண்ணையும் வெளியே கூடாரம் அடிப்பார்கள்.

அன்று ஐந்து காயக்காரரை ஏற்றினோம். இரண்டு பேர் கட்டிலில், மூன்று பேர் தரையில். தொடை எலும்பு முறிந்த துறைமுகத் தொழிலாளி செல்லையாதான் மோசம். காலுக்குப் பலகை வைத்துக் கட்டியிருந்தது. அவர் காலைப் பிடிக்க ஆள் இல்லை. எங்கள் பக்கத்து வீட்டுப் பரிமளம் அக்கா தானாகவே ஏறினா. புருஷன் இல்லாதவ. தையலில் சீவிக்கிறவ. அவவின் மெசினும், ஐயாவின் ட்ரங்குப் பெட்டியும், இன்னும் நாலைந்து வீட்டு மூட்டைகளும் கூரைக்குப் போயின. தாங்கியையும் முட்ட நிரப்பினோம். எல்லாருடைய கண்ணும் வானத்தில்தான். வண்டியில் ஏறிய பாரத்தை ஒருத்தரும் பார்க்கவில்லை.

ரோட்டில்

ஓர்ஸ் ஹில் குன்றின் இறக்கத்திலேயே வான், தாங்கி இருந்த வலப்பக்கம் சாய்ந்து ஓடியது. கப்பல்துறையை நெருங்கும்போது எதிரே இராணுவ லொறிகள் வரிசையாக வந்தன. கணபதி அண்ணை ஒதுக்கினார். வண்டிச் சில்லு மண்ணில் இறங்கியது. கீழே பட்டென்று ஒரு சத்தம். அலுமாரி திறந்து போத்தல்கள் உருண்டன, அடுப்பு சரிந்து எண்ணெய் கொட்டியது. செல்லையா அலறினார்.

அண்ணை இறங்கிக் குனிந்து பார்த்தார். "பின் ஸ்பிரிங்கில ஒரு தகடு முறிஞ்சு போச்சு, ஐயா. இந்தப் பாரத்தோட ஓட ஏலாது. பிரளும்."

"இதில நிண்டால் பிளேன் வந்திடும்," என்றார் ஐயா. இருக்க முடியாமல் ரோட்டில் அங்கும் இங்கும் நடந்தார்.

"ஓம். ஆனா பிரண்டால் உள்ள இருக்கிற ஐஞ்சு பேரும் முடிஞ்சுது."

தாங்கியின் குழாயை நான் திறந்துவிட்டேன். ஒரு கலன் தண்ணீரை மட்டும் வைத்துக்கொண்டேன். ஐயா நடப்பதை நிறுத்தினார். "என்ர பெட்டிய முதல் இறக்குங்கோ," என்றார். மூட்டைகளும் இறங்கின. மிஞ்சியது மெசின். இரும்புக் காலோடு கூரையில் நின்றது. உள்ளே தரையில் வைக்க இடமில்லை.

பரிமளம் அக்காவிடம் சொல்ல ஐயாவுக்கு வாய் வரவில்லை. நான் போனேன். அவ செல்லையாவின் காலை மடியில் வைத்தபடி இருந்தா.

"அக்கா, மெசினையும் இறக்கவேணும்."

"ஈரம் படாத இடமாப் பாத்து வையுங்கோ, தங்கச்சி," என்றா. காலிலிருந்து கையை எடுக்கவில்லை.

எல்லாவற்றையும் ரோட்டோரத்து வீடொன்றில் ஒப்படைத்தோம். கொட்டிய எண்ணெயில் மண் தூவி அள்ளினேன். போத்தல்களைச் சாக்கில் சுற்றி, தரையில் சில்லு அச்சுக்கு நேர் மேலே வைத்தேன். அலுமாரிக் கதவைக் கயிற்றால் கட்டினேன். மாட்டுவண்டி வேகத்தில் போனோம். காட்டுக்குள் குருவி எழும்பினாலும் பிளேன் என்று நிமிர்ந்து பார்த்தோம். பொழுது சாயக் கந்தளாய் வந்து சேர்ந்தோம். ஐந்து பேரும் உயிரோடுதான்.

பிறகு

சில மாதம் கழித்து, குணமாகித் துறைமுகம் திரும்பியிருந்த செல்லையாவைப் பார்த்துவிட்டுக் கப்பல்துறைக்குப் போனேன். அந்த வீட்டுச் சனம் எங்கேயோ போய்விட்டது. உள்ளே ஒன்றும் இல்லை. கந்தளாயில் எங்களோடு ஆஸ்பத்திரி வேலைக்குச் சேர்ந்திருந்த அக்காவிடம் இதை நானாகச் சொல்லவில்லை. அவவே கேட்டா, நான் சொன்னேன்.

"செல்லையா நடக்கிறாரோ?"

"நடக்கிறார், அக்கா. கொஞ்சம் நொண்டல்."

"அது காணும், வேறென்ன வேணும்," என்றா. பிறகு கிழிந்த படுக்கை விரிப்பொன்றை எடுத்து, ஊசியும் நூலுமாகக் கையாலேயே தைக்கத் தொடங்கினா.

இந்தக் காலத்தில் வாகனத்தையே வீடாக்கி ஓடுகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பாரமானதைக் கீழே, நடுவில், அச்சுக்குக் கிட்ட வையுங்கள். இரண்டு பக்கமும் சமமாக ஏற்றுங்கள். அடுப்பையும் கதவையும் கட்டாமல் புறப்படாதீர்கள். எது வேண்டும், எது வேண்டாம் என்பதை முற்றத்தில் நிற்கும்போதே முடிவெடுங்கள். முற்றத்தில் இறக்குவது வெறும் சாமான். ரோட்டில் இறக்குவது ஒருத்தருடைய சீவியமாக இருக்கும்.