தண்டவாளத்துக்கு அடியில் வந்த கிணற்றுத் தண்ணீர்

போன மே மாதம் நானும் மனைவி சுமதியும் கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலில் இரண்டு நாள் தங்கினோம். விடுதிக்குத் தண்ணீர் லாரியில்தான் வந்தது. மலை மேலேயே இந்தப் பாடு என்றால் அடிவாரத்தில் என்ன செய்கிறார்கள் என்று சமையல் செய்யும் செல்வியிடம் கேட்டேன்.

"எங்கக்கா ஊர்ல ரயில்வே கெணறு இருக்குங்க. அதுக்குப் பெரிய கதையே கெடக்கு. பழனிக்குத்தான போறீங்க, பாத்துட்டுப் போங்க" என்றார்.

கொடைக்கானலிலிருந்து பழனிக்கு 65 கிலோமீட்டர். காலை ஏழு மணிக்குப் பேருந்து ஏறினோம். வளைவுகளில் சுமதிக்குத் தலைசுற்றல் (கையில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளுங்கள்). பத்து மணிக்குப் பழனி; அங்கிருந்து அக்கா ஊருக்கு ஆட்டோவில் இருநூற்றைம்பது ரூபாய். சின்ன ரயில் நிலையம். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் கிணறு. எங்கள் வீட்டையே உள்ளே இறக்கிவிடலாம், அவ்வளவு அகலம்.

செல்வியின் அக்கா பேச்சியம்மாள் தோட்ட வேலைக்குப் போகிறவர். நீராவி எஞ்சினுக்காக அந்தக் காலத்து ரயில் கம்பெனி, மலை ஓடை நீர் ஊறும் இடமாகப் பார்த்து வெட்டியது அது என்றார். நீராவி எஞ்சின்கள் போன பிறகு கிணற்றை யாரும் தேடவில்லை. ஊரில் போட்ட போர் தண்ணீர் உப்புக் கரிக்க ஆரம்பித்ததும், பெண்கள் தண்டவாளம் தாண்டிப் போய் இறைத்துவந்தார்கள்.

"ஒரு நா சரக்கு வண்டி நின்னுச்சுங்க. வெரசா சோலிக்குப் போகணுமேன்னு அடியில நுழைஞ்சிட்டேன். பாதியில வண்டி அசைஞ்சிருச்சு. நான் அந்தப் பக்கம் போயி விழுந்தேன். கொடம் நசுங்கிப் போச்சு."

அதற்குப் பிறகு கிணற்றை மூடிவிடுவதென்று ரயில்வேயில் முடிவெடுத்தார்கள். ஆபத்தைத் தடுக்கத்தான், அதைக் குறை சொல்ல முடியவில்லை. ஆனால் ஊருக்கு வேறு நல்ல தண்ணீர் கிடையாது. அளவெடுக்க வந்த என்ஜினியர் முன்னால் பேச்சியம்மாளே போய் நின்றிருக்கிறார்.

"நுழைஞ்சது எந் தப்பு சார். அதுக்குக் கெணத்த ஏன் மூடுறீங்க? நாங்க வரக் கூடாது, அவ்வளவுதான? தண்ணிய அந்தப் பக்கம் அனுப்புங்க."

அவர் "மேலதான் கேக்கணும்மா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மாதக்கணக்கில் பதில் இல்லை. மண் லாரி எப்போது வருமோ என்று ஊரே பயந்து கிடந்தது. வந்தது குழாய். கிணற்றுக்கு இரும்பு வலை போட்டு, தண்டவாளத்துக்கு அடியில் குழாய் பதித்தார்கள். கிணறு ரயில்வேயுடையது, மோட்டாருக்குக் கரண்ட் பஞ்சாயத்துடையது.

"தண்ணி யாருது?" என்று கேட்டேன்.

பேச்சியம்மாள் சிரித்தார். "புடிக்கிறவங்களுது."

நாங்கள் குழாயடியில் நின்றபோதே நிலைய அதிகாரி ஒரு கேனோடு வந்தார். வரிசையின் கடைசியில் போய் நின்றார். பேச்சியம்மாள் குழாய்க்கு நேரே இருந்த தன் குடத்தை நகர்த்தி, "வண்டி வர்ற நேரம், மொதல்ல நீங்க புடிங்க சார்" என்று வழிவிட்டார். எஞ்சினுக்குத் தண்ணீர் தேடி வந்த கம்பெனியின் வாரிசு, ஊர்க் குழாயடியில் கேனை நிரப்பிக்கொண்டு நன்றி சொல்லிப் போனதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

போக நினைப்பவர்களுக்கு: பாசஞ்சர் ஒரு நிமிடம்தான் நிற்கும். பக்கத்தில் கடை இல்லை. சாப்பாட்டைப் பழனியிலேயே முடித்துவிடுங்கள். கிணற்றைப் பார்க்கத் தண்டவாளம் தாண்டாதீர்கள், நடைமேடையிலிருந்தே தெரியும். தண்ணீர் லேசாக இனிக்கிறது. பாட்டிலை நிரப்பிக்கொள்ளலாம், ஆனால் குடங்களுக்குப் பின்னால்தான் உங்கள் இடம்.