அணைத்து வைத்த அரிக்கேன்

ஆவி, அமானுஷ்யம் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறவள் நான். ஐந்தாவதுதான் படித்தேன், ஆனாலும் அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. இதைப் படித்துச் சிரிப்பீர்கள், சிரியுங்கள்.

இந்தத் தீவில், வண்டூரில் நாங்கள் குடியேறிய புதிது. மெயின்லேண்டிலிருந்து வந்த ஒரு வாத்தியார் எங்கள் குடிசைக்குப் பக்கத்தில் தொலைநோக்கியை நிறுத்தி வானத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். எங்கோ தொலைவில் இரண்டு நட்சத்திரக் கூட்டங்கள் ஒன்றையொன்று இழுக்கின்றனவாம், நடுவில் வெளிச்சம் வால் போல நீள்கிறதாம். நான் சொல்லப்போகிற ராத்திரிக்கு முந்தைய நாள், அரை மணி நேரத்திலேயே இரண்டும் படம் பிடிக்கிற கண்ணாடித் தட்டில் விழுந்துவிட்டன. வால் விழ ஒரு மணி நேரம் வேண்டுமாம்.

என் வீட்டுக்காரர் மீனுக்குப் போனால் கரையில் அரிக்கேன் மாட்டி வைப்பேன். அதைப் பார்த்துத்தான் பாறைகளுக்கு நடுவே இருக்கிற ஒரே வழியில் டிங்கிப் படகைக் கொண்டுவருவார்.

அன்று வாத்தியார் ஓடிவந்தார். "அம்மா, நாளைக்கு எனக்குக் கப்பல். இது கடைசித் தட்டு. அந்த விளக்கை ஒரு மணி நேரம் அணைச்சிடுங்களேன்."

வீட்டுக்காரர் கடலில் இருக்கிறார் என்று சொல்ல வாயெடுத்தேன், வார்த்தை வரவில்லை. அந்நிய ஆம்பிளையிடம் பேசிப் பழக்கமில்லை. விடியத்தானே வருவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அணைத்துவிட்டேன்.

அரை மணி போயிருக்கும், காற்று திரும்பியது. அலை பாறையில் அறைகிற சத்தம் கேட்டதும் வெட்கம் எல்லாம் போய்க் கத்திவிட்டேன். "ஐயா, எம் புருசன் கடல்ல இருக்காரு!"

"ஐயோ, முதல்லயே சொல்லக்கூடாதாம்மா? கொளுத்துங்க, கொளுத்துங்க!" என்று அவர் தட்டை மூடினார். தீக்குச்சி நமத்துப்போய் ஒன்றும் பற்றவில்லை. நாலாவது குச்சியை உரசும்போது டிங்கி மணலில் ஏறிவிட்டது.

"ஏ புள்ள, எதுக்கு ரெண்டு விளக்கு வச்ச? அரே, நடுவுல வேற கயிறு கட்டுன மாதிரி வெளிச்சம்! எண்ணெ என்ன ஒங்கப்பன் சீதனமா?"

என் கையில் அரிக்கேன் ஜில்லென்று இருந்தது. அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். வாத்தியார் என்னையே பார்த்தார்.

காலையில் மருந்தில் கழுவிய தட்டைக் காட்டினார். வெளிச்சம் அதில் கறுப்பாகத்தான் விழும். சுற்றிலும் நட்சத்திரங்கள் புள்ளி புள்ளியாக இருந்தன. அந்த இரண்டு நட்சத்திரக் கூட்டங்களும் இருக்க வேண்டிய இடம் மட்டும் வெறும் கண்ணாடி. "நீங்களே வச்சுக்கோங்கம்மா" என்று என்னிடம் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார்.

நான் விளக்கை அணைத்ததை வீட்டுக்காரரிடம் அவர் சாகும்வரை சொல்லவில்லை. தட்டு இன்னும் என் பெட்டியில்தான் இருக்கிறது. இந்த ஊர் ஈரத்தில் அது முழுக்கப் பூசணம் படர்ந்துவிட்டது. அந்த வெற்று இடத்தில் மட்டும், நம்பினால் நம்புங்கள், இன்றுவரை ஒரு பொட்டுக்கூடப் பிடிக்கவில்லை.