சிவப்பு நூல் கட்டிய கூடைகள்

“கெட்டுப்போகும்னு தெரிஞ்சே பாதி வெத்தலைய மருந்தில்லாம அனுப்பணுமா? இதுக்காம்மா இம்புட்டுப் படிச்ச?”

சோழவந்தான் வெற்றிலை மண்டிக்காரர் இப்படிக் கேட்டபோது என் கையில் ஒரு சிவப்பு நூல்கண்டு இருந்தது. என் கரைசலில் நனைக்காத கூடைகளுக்கு அடையாளமாகக் கட்ட வாங்கி வந்தது.

கொடிக்காலில் வெற்றிலை கிள்ளும் அம்மாவின் மகள் நான். வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். இலை அழுகலைத் தள்ளிப்போட ஒரு கரைசல் கண்டுபிடித்து ஆராய்ச்சிப் பட்டமும் வாங்கினேன். ஆய்வேடு அலமாரிக்குள் போனது, உதவித்தொகையும் நின்றது. ஆய்வகத்துக் குடுவையில் வென்றது, ரயிலில் வடக்கே போகும் கூடையிலும் வெல்லுமா? அதைச் சோதிக்கப் பணம் போட முன்வந்தவர் மண்டிக்காரர் ஒருவர்தான். ஊருக்கு நல்லது செய்வதாக அவர் சொல்லிக்கொள்ளவில்லை. “லாபம் வந்தா ரெண்டு பேருக்கும். வரலேன்னா இந்த ஒரு தடவையோட சரி” என்றார். அந்த வெளிப்படைப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது.

முதல் முறை எல்லாக் கூடைகளும் பச்சையாகவே போய்ச் சேர்ந்தன, நூல் கட்டியவையும்கூட. சந்தேகப்பட்டுக் கேட்டதும் தலையைச் சொறிந்தார்.

“மனசு கேக்கலம்மா. நூல் கட்டுனதையும் நான்தான் மருந்துல முக்கச் சொன்னேன். அதான் எல்லாம் நல்லா இருக்குல்ல?”

“மருந்தாலயா, மழைக் குளிர்ச்சியாலயான்னு இப்ப எப்படிண்ணே சொல்றது? கூடுதல் விலை கேட்டா வடக்க வாங்குறவரு நம்பிருவாரா?”

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். என் கையிலிருந்த நூல்கண்டை வாங்கி உருட்டிப் பார்த்தவர், “நம்ப மாட்டான். அவன் இடத்துல நான் இருந்தா நானே நம்ப மாட்டேன்” என்றார்.

அடுத்த முறை நூலை அவரே கட்டினார். யாரும் கரைசலோடு கிட்டே வந்துவிடாதபடி, வண்டி ஏற்றும்வரை பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சில நாளில் வடக்கிலிருந்து அவர் செல்பேசிக்குப் படம் வந்தது. நூல் கட்டிய கூடைகளில் இலை கறுத்துக் கிடந்தது; மற்றவை பச்சை மாறவில்லை.

“அழுகிருச்சும்மா, அழுகிருச்சு!” மண்டியே திரும்பிப் பார்த்தது. தன் சரக்கு அழுகியதற்குக் குதிக்கும் வியாபாரியை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றாள், இலை கொண்டுவந்திருந்த அம்மா.

லாப ஆசை அறிவியலைக் கெடுக்கும் என்று கல்லூரியில் சொல்வார்கள். கெடுக்கத்தான் செய்தது, கூடையை நனைக்கச் சொன்னது அந்த ஆசைதான். நனையாமல் காவல் காத்ததும் அதே ஆசைதான். காவல் காத்ததால்தான் என் ஆராய்ச்சி அலமாரியை விட்டு வெளியே வந்தது.

இனி கரைசல் கோடையிலும் தாங்க வேண்டும். இன்று காலை இருபது கூடைகள் ரயிலேறின. அதே நூல்கண்டிலிருந்து பத்துக் கூடைகளுக்குச் சிவப்பு நூல் கட்டினேன். இந்த முறை நஷ்டம் அவருடையதாக இருக்க வேண்டாமென்று, அழுகப்போகும் அந்தப் பத்தையும், மதுரை திருநகரில் டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தில் நானே வாங்கியிருக்கிறேன்.