சத்தமாகக் கத்தினேன்

பலாங்கொடைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மண் சரிந்து ஒருவர் இறந்தபோது, மரண விசாரணை அதிகாரியோடு வந்த மொழிபெயர்ப்பாளர் அவர். ஒட்டிய கன்னம், கசங்காத வெள்ளைச் சட்டை. அவர் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும்தான் கேட்கும். சாட்சிகளான நாங்கள் தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் சொல்லும்போது, மிகையென்று தோன்றும் சொற்களை விட்டுவிடுவார். நான் 'வேகமாக ஓடினேன்' என்றது, வெறும் 'ஓடினேன்' ஆனது. அதில் எனக்குக் குறையொன்றும் தெரியவில்லை.

அடுத்து இறந்தவரின் மனைவி வந்தாள். "மண்ணு வர்றதப் பாத்து, லயத்து வீட்டுக்குள்ள இருந்தவர வெளிய வரச்சொல்லி சத்தமா கத்துனேங்க."

அவர் மொழிபெயர்த்தார். அவளுக்கும் சிங்களம் நன்றாகத் தெரியும்.

"ஐயா, சத்தமான்னேன். நீங்க 'ஹய்யென்'னு சொல்லலீங்களே?"

"கத்துனாலே சத்தமாத்தானேம்மா."

"இல்லீங்க. தொண்ட கிழியக் கத்துனேன். மழையில அவருக்குக் கேக்கல. நான் சரியா கூப்பிடாமத்தான் செத்தாருன்னு ஆயிடக்கூடாதுங்க. எம் புள்ளைங்க நாளைக்கு என்னயக் கேக்கும்."

 அவர் நாற்காலியை விட்டு எழுந்து, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சிங்களத்தில் சொன்னார். 'ஹய்யென்' என்ற இடத்தில் அவர் குரல் உயர்ந்த உயர்வில், வெளியே குடையோடு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தச் சத்தம் எதிரே உட்கார்ந்திருந்த அதிகாரிக்காகவா, கேட்காமலே போன அந்த மனிதருக்காகவா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.